பாஸிவ் சம்மிங் பாக்ஸ் மாட்டியதும் வலது பக்கம் முழங்குது, இடது பக்கம் முனகுது. எங்கே தப்பு?

மொட்டைமாடி | செவ்வாய் இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வாரமா தூக்கம் போச்சு, அதான் இங்கே வந்து கொட்டுறேன்.

சாலிகிராமத்தில் மொட்டைமாடி ரூம். 11 அடிக்கு 10 அடி, உயரம் ஒன்பதரை. ஜிங்கிள், குறும்பட மியூசிக், மார்கழி வந்தா ரெண்டு பக்தி ஆல்பம். இதுவரைக்கும் எல்லாமே கம்ப்யூட்டருக்குள்ளேயே மிக்ஸ். போன மாசம் ஒருத்தர் ஸ்டுடியோவைக் காலி பண்ணினப்போ 16 சேனல் பாஸிவ் சம்மிங் பாக்ஸ் (டிராக்குகளைக் கம்ப்யூட்டருக்கு வெளியே ஒண்ணா கூட்டுற பெட்டி) சல்லிசா கிடைச்சுது. கூடவே ஒரு மானிட்டர் கன்ட்ரோலர் (ஸ்பீக்கருக்கு எது போகணும், எவ்வளவு சத்தம்னு திருகுற பெட்டி).

நான் மாட்டியிருக்கிறது இப்படி. இன்டர்ஃபேஸில் (கம்ப்யூட்டருக்குள்ளே, வெளியே சத்தத்தைக் கொண்டுபோற பெட்டி) லைன் அவுட் 10 இருக்கு. 1 முதல் 8 வரை எட்டு டிஆர்எஸ் ஜாக், மறுமுனை 25 பின் டி-சப், அது சம்மிங் பாக்ஸின் முதல் எட்டு சேனலுக்கு. பாக்ஸ் அவுட் நேரா மானிட்டர் கன்ட்ரோலரின் முதல் இன்புட். இன்டர்ஃபேஸ் 9-10 கன்ட்ரோலரின் ரெண்டாவது இன்புட். அங்கிருந்து ஸ்பீக்கர்.

1. சத்தமே இல்லை. நாப்பை முழுசா திருகினாலும் பக்கத்து ரூம் டிவி மாதிரி இருக்கு.

2. டிரம்ஸ் 1-2இல் போகுது. இடது பக்கம் வைச்ச ஹை-ஹேட் வலது ஸ்பீக்கரில் கணீர்னு வருது. வலது பக்கம் வைச்ச ஃப்ளோர் டாம் இடதில் சோகையா வருது. 3-4இல் நடுவில் வைச்ச பேஸ் கிட்டத்தட்ட காணோம். 5-6 கீபோர்டு மொத்தமும் இடது. 7-8 வாய்ஸ் தலைக்குப் பின்னாடி பாடுற மாதிரி இருக்கு.

3. மேல ஒரு "ம்ம்ம்ம்".

பாக்ஸ் செத்துப்போச்சா? காசு போச்சா?

பெட்டிக்குள்ளே | புதன் காலை 7.05

காலையில் சிரிக்க வைச்சதுக்கு நன்றி. ரெண்டு டிராக்கைக் கூட்டுறது வெறும் கூட்டல் கணக்கு. உங்க சாஃப்ட்வேர் அதை 32 பிட் ஃப்ளோட்டிலோ 64 பிட்டிலோ பிசிறில்லாம பண்ணுது. அதை வெளியே எடுத்து, எட்டு கன்வெர்ட்டர் (டிஜிட்டலை மின் சிக்னலா மாத்துறது) வழியா அனுப்பி, ரெசிஸ்டர் பெட்டியில் கூட்டி, மறுபடி கன்வெர்ட்டர் வழியா உள்ளே கொண்டுவரணும். மூக்கை எதுக்கு சார் தலையைச் சுத்தித் தொடணும்? வித்துட்டு ரூமில் பேஸ் டிராப் வைங்க.

சால்டர்புகை | புதன் காலை 9.30

அந்தச் சண்டையைச் சாயங்காலம் வைச்சுக்கலாம். முதல்ல ஆளைக் காப்பாத்துவோம்.

மொட்டைமாடி, உங்க மூணு புகாருக்கும் மூணு தனித்தனி காரணம். ஒண்ணா குழப்பிக்கிட்டதுதான் தூக்கம் கெட்டதுக்குக் காரணம்.

சத்தம் குறைவா இருக்கிறது பழுதே இல்லை. பாஸிவ் பாக்ஸுக்குள்ள ஒரு டிரான்ஸிஸ்டர்கூட கிடையாது, வெறும் ரெசிஸ்டர். ஒரு பக்கத்துக்கு எட்டு சேனல் கூட்டினா, கூட்டுற வேலையிலேயே ஒவ்வொண்ணும் 18 டிபி இறங்கும். உள்ளே இருக்கிற மத்த ரெசிஸ்டர்களையும் சேர்த்தா 30, 35 டிபி வரைக்கும் போயிடும். அதனால அதோட அவுட் லைன் லெவலே இல்லை, மைக் லெவல். பாக்ஸுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் ரெண்டு சேனல் மைக் பிரியாம்ப் (சின்ன சிக்னலைப் பெருக்குறது) வேணும். பாஸிவ் பாக்ஸுக்குன்னு தனி குரல் கிடையாது, பிரியாம்போட குரல்தான் அதோட குரல். உங்க இன்டர்ஃபேஸ் முகப்பில் இருக்கிற ரெண்டு மைக் இன்புட்டே ஆரம்பத்துக்குப் போதும். மைக்குக்குக் கொடுக்கிற 48 வோல்ட் ஃபேண்டம் ஆஃபில் இருக்கான்னு ரெண்டு தடவை பாருங்க.

ரெண்டாவது புகாரைப் படிச்சதும் எனக்குச் சந்தேகம் கேபிள் மேல. யார் கட்டிக் கொடுத்தது?

மொட்டைமாடி | புதன் காலை 10.15

அண்ணே, ரிச்சி தெருப் பக்கம் ஒரு கடையில் ஆர்டர் கொடுத்துக் கட்டினது. "25 பின், எட்டு ஜாக்"னு சொன்னேன், கட்டிக் கொடுத்தாங்க. வேலை சுத்தமாத்தான் இருக்கு.

சால்டர்புகை | புதன் காலை 10.40

வேலை சுத்தம், சொன்னதில்தான் பாதி விட்டுப்போச்சு. 25 பின் டி-சப்பில் எட்டு சேனல் கட்ட ரெண்டு வழக்கம் இருக்கு. ஒண்ணு டாஸ்காம் முறை. பெரும்பாலான சம்மிங் பாக்ஸும் கன்வெர்ட்டரும் இதுதான், ஏஇஎஸ்59னு தரமாவே எழுதி வைச்சுட்டாங்க. இன்னொண்ணு யமஹா முறை. பிளக் ரெண்டுக்கும் ஒண்ணு, உள்ளே வயர் போற இடம் வேற.

மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைங்க. முதல் ஜாக்கின் நுனியில் ஒரு முனை. இன்னொரு முனையை டி-சப்பின் 24ஆம் பின்னில் தொடுங்க. பீப் வந்தா டாஸ்காம். அங்கே வராம 1ஆம் பின்னில் வந்தா யமஹா. பின் நம்பர் கனெக்டர் பிளாஸ்டிக்கிலேயே பொடியா அச்சடிச்சிருக்கும், கண்ணாடி போட்டுப் பாருங்க.

மொட்டைமாடி | புதன் பகல் 1.20

1ஆம் பின்!!! பீப்!!!

சால்டர்புகை | புதன் பகல் 2.10

அப்போ உங்க கதை முழுசும் பேப்பரில் வந்துடும். டீ ஆறட்டும், கூடவே வாங்க.

யமஹா கேபிளில் முதல் சேனல் 1, 14 பின்களில் போகுது. டாஸ்காம் பாக்ஸில் அந்த ரெண்டும் எட்டாவது சேனலோட பிளஸ், மைனஸ். அதனால டிரம்ஸின் இடது சேதாரமில்லாம எட்டாவதுக்குப் போய் இறங்குது. உங்க பாக்ஸில் ஒற்றைப்படை இடது, இரட்டைப்படை வலது. ஹை-ஹேட் வலதில் கணீர்னு வந்தது இதனாலதான்.

ரெண்டாவது சேனலின் பிளஸ் 2ஆம் பின். பாக்ஸில் அது எட்டாவதோட கிரவுண்ட். ஆக பிளஸ் தரையோட ஷார்ட். மிச்சம் இருக்கிற மைனஸ் மட்டும் 15ஆம் பின் வழியா ஏழாவது சேனலின் பிளஸ்ஸில் ஏறுது. பாதி சத்தம், ஃபேஸ் தலைகீழ் (அலையின் மேடு பள்ளமா, பள்ளம் மேடா), இடது பக்கம். அதுதான் உங்க சோகை பிடிச்ச ஃப்ளோர் டாம்.

நாலாவது ஒழுங்கா ஆறுக்குப் போகுது, வலது. மூணாவது அரைகுறையா, தலைகீழா ஏழுக்குப் போகுது, இடது. நடுவில் வைச்ச பேஸ் ரெண்டு ஸ்பீக்கரிலும் எதிரெதிரா தள்ளினா காத்துல கழிஞ்சு போகாம என்ன பண்ணும்? ஏழு-எட்டு வாய்ஸுக்கும் இதே கதிதான். அஞ்சும் ஆறும் ரெண்டுமே பாக்ஸின் அஞ்சாவதில் போய் முட்டுது, அதான் கீபோர்டு மொத்தமா இடது.

எட்டில் பிழைச்சது 1, 4, 7 மூணுதான். மூணும் போய்ச் சேர்ந்தது வலது பக்கம். உங்க தலைப்பிலேயே பதில் இருந்துச்சு.

அவுட்புட் எரிஞ்சிருக்காது, பெரும்பாலான இன்டர்ஃபேஸ் இந்த ஷார்ட்டைத் தாங்கும். ஆனா நாள்கணக்கில் விடாதீங்க. டி-சப் முனையை மட்டும் டாஸ்காம் முறையில் மாத்திப் பத்தவைக்கச் சொல்லுங்க.

பனியூரான் | புதன் மாலை 6.30

சால்டர்புகை அண்ணை சொன்னது நூறு வீதம் சரி. நான் கனடா ஸ்கார்பரோவில பேஸ்மென்டில சின்னனா ஒரு ஸ்டூடியோ வைச்சிருக்கிறன். இதே யமஹா-டாஸ்காம் கூத்தில ரெண்டு கிழமை மினக்கெட்டனான்.

நான் ஒண்டு சொல்லோணும் தம்பி. அந்த மானிட்டர் கன்ட்ரோலரும் பாஸிவ் எண்டால், அதுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில கேபிளைக் கட்டையா வையுங்கோ. பாஸிவ் நாப்பில இருந்து வாற சிக்னலுக்கு லைன் அவுட் மாதிரி நீளக் கேபிளைத் தள்ளுற பலம் இல்லை. கேபிள் நீள நீள மேல் சுருதியள் மங்கும். நான் முதல்ல 10 மீட்டர் ஓட்டிப்போட்டு ஸ்பீக்கரைத்தான் பிழை சொன்னனான். இப்ப ரெண்டு மீட்டர்.

மற்றது, 1-2ஐ சம்மிங் பெட்டிக்குக் குடுத்திருக்கிறியள். அது வேண்டாம். ஏனெண்டு நீங்களே ஒரு நாள் கண்டுபிடிப்பியள், சிரிப்பு வரும்.

ரீவெர்ப்ராஜா | புதன் இரவு 8.00

ஹம்முக்கு சிம்பிள் வழி: ஸ்பீக்கர் பிளக்கில் இருக்கிற எர்த் பின்னை உடைச்சிடுங்க. நான் நாலு வருஷமா அப்படித்தான்.

மேசைக்காரர் | புதன் இரவு 8.20

இந்த இழையில் எழுத வேண்டாம் என்றிருந்தேன். மேலே உள்ளதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

தம்பி, அந்த எர்த் பின் ஹம் தருவதற்காக வைத்ததல்ல. ஸ்பீக்கருக்குள் 230 வோல்ட் வயர் ஒன்று கழன்று கூட்டில் பட்டால், கரண்ட் போக வழி அதுதான். அதை உடைத்துவிட்டால் அடுத்த வழி, கையில் கிடாரோ மைக்கோ பிடித்திருக்கும் ஆள். உதட்டில் மைக் சுரீர் என்று அடித்த பாடகர்களை நான் பார்த்திருக்கிறேன். நாலு வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம். அதை வைத்து ஊருக்கு உபதேசம் வேண்டாம்.

மொட்டைமாடி, ஹம்மைப் பிடிக்கும் முறை பழையதுதான். இன்டர்ஃபேஸ், கம்ப்யூட்டர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே சுவர் பாயின்ட்டிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போடுங்கள். அந்த பாயின்ட்டில் எர்த் உண்மையில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவதற்குப் பின்னால் வயரே இருக்காது. பிறகு கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போகும் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். ஆடியோ கேபிளை மட்டும் பார்க்காதீர்கள்.

மொட்டைமாடி | வியாழன் இரவு 10.50

ஐயா, கும்பிடுறேன்.

யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க், லேன் கேபிள்னு ஒண்ணொண்ணா பிடுங்கினேன். ஹம் அசையலை. கடைசியா, கிளையன்ட் வந்தா படம் காட்ட சுவர் டிவிக்குப் போட்டிருந்த ஹெச்டிஎம்ஐ கேபிள். பிடுங்கினேன், பொட்டுனு நின்னுச்சு! டிவியில் செட்டாப் பாக்ஸ், அதில் மாடி டிஷ்ஷிலிருந்து வர்ற கேபிள். டிஷ் கம்பம் இரும்புக் கிராதியோட பற்ற வைச்சது. வீட்டு எர்த் ஒரு பக்கம், கிராதி வழியா இன்னொரு எர்த், நடுவில் என் ஸ்டுடியோ. செட்டாப் பாக்ஸைக் கழட்டிக் கீழே அம்மா ரூமுக்குக் கொடுத்துட்டேன். அம்மாவுக்கும் சந்தோஷம்.

கேபிளும் மாத்திக் கட்டியாச்சு. ஹை-ஹேட் வீடு திரும்பிடுச்சு, பேஸ் வந்துடுச்சு. பாக்ஸ் அவுட்டை மைக் பிரியாம்பில் கொடுத்து 34 டிபி ஏத்தினேன். முதல் தடவையா ஒரு மிக்ஸ் கேட்டேன். பிரியாம்பிலிருந்து வர்றது இன்டர்ஃபேஸ் வழியா உள்ளே ஒரு டிராக்கில் ரெகார்ட் ஆகுது.

சின்ன சந்தேகம்: கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது வேற மாதிரி ஒரு "ஜர்ர்ர்" வருது.

சால்டர்புகை | வியாழன் இரவு 11.15

அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான் அது லாயக்கு. சைன் வேவ் இன்வெர்ட்டரோ யூபிஎஸ்ஸோ போடும் வரைக்கும் கரண்ட் இல்லாதப்போ ரெகார்டிங் வைக்காதீங்க. கரண்ட் போனதும் முதல் வேலையா ஸ்பீக்கர் ஸ்விட்சை அணைங்க. திரும்ப வரும்போது எல்லாம் ஒரே நேரத்தில் உயிர் பெத்தா "தொம்"னு ஒண்ணு வரும், ட்வீட்டர் அதை மன்னிக்காது. போடும்போது ஸ்பீக்கர் கடைசி, அணைக்கும்போது முதல்.

மொட்டைமாடி | வெள்ளி அதிகாலை 1.35

அவசரம்!! மிக்ஸை உள்ளே ரெகார்ட் பண்ண டிராக் திறந்து, உள்ளே வர்றதை அப்பவே கேக்கிற மானிட்டர் பட்டனை அமுக்கினேன். பேய் அலறல். நாப்பைக் குறைக்கிறதுக்குள்ள தெரு நாய் எல்லாம் எழுந்துடுச்சு. கீழ் வீட்டு மாமா லைட் போட்டார்.

பனியூரான் | வெள்ளி காலை 5.10

ஹா ஹா, நான் சொன்ன நாள் வந்திட்டுது!

புது டிராக் திறந்தால் அதின்ர அவுட் தானாவே 1-2க்குப் போகும். உங்களுக்கு 1-2 சம்மிங் பெட்டி. பெட்டியில இருந்து பிரியாம்ப், அங்கயிருந்து அதே டிராக், மானிட்டர் போட்டதும் திரும்பவும் 1-2, திரும்பவும் பெட்டி. பாம்பு தன்ர வாலை விழுங்கிற வேலை.

மாத்திப் போடுங்கோ. 1-2 நேரா மானிட்டர் கன்ட்ரோலருக்கு. 3 முதல் 10 வரைக்கும் பெட்டிக்கு. ரெகார்ட் பண்ணுற டிராக்கின்ர அவுட் 1-2. பெட்டிக்கு எது போகோணும் எண்டு நீங்களே கையால தெரிவு செய்தால்தான் அது போகும். இன்னொரு நன்மையும் இருக்கு. கம்ப்யூட்டரின்ர மணிச்சத்தமும் 1-2லதான் வரும். நான் முந்தி ஒருத்தருக்கு அனுப்பின மிக்ஸில, ரெண்டாவது சரணத்தில வாட்ஸ்அப் "டிங்" ஒண்டு கிடந்தது. அவர் அதை பெர்க்கஷன் எண்டு நினைச்சு நல்லா இருக்கெண்டார்.

மேசைக்காரர் | வெள்ளி காலை 9.00

இனி லெவல். இதைச் செய்யாமல் யாரும் "அனலாக் சூடு" பற்றிப் பேச வேண்டாம்.

சாஃப்ட்வேரிலிருந்து 100 ஹெர்ட்ஸ் சைன் டோன், -18 டிபிஎஃப்எஸ் அளவில் (டிஜிட்டல் உச்சத்துக்கு 18 டிபி கீழே) ஒரு அவுட்டில் அனுப்புங்கள். சாதா மல்டிமீட்டர் மேல் சுருதிகளில் பொய் சொல்லும், அதனால்தான் 100. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஜாக்கின் நுனிக்கும் நடு வளையத்துக்கும் இடையே அளங்கள். 1.23 வோல்ட் வந்தால் அது +4 டிபியு (ஆடியோ வோல்ட்டைச் சொல்லும் அலகு), டிஜிட்டல் உச்சம் +22. 0.775 வந்தால் 0 டிபியு, உச்சம் +18. எட்டு அவுட்டும் ஒரே எண் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே நின்றால் அது -10 டிபிவி என்ற குறைந்த லெவல் நிலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது, ஸ்விட்சைத் தேடுங்கள்.

அடுத்து, இரண்டு பிரியாம்பும் சமமாக இருக்க வேண்டும். நாப்பின் கோட்டை நம்பாதீர்கள். ஒரே டோனை இரு பக்கமும் சமமாக அனுப்பி, ஒரு பக்கத்தில் ஃபேஸ் பட்டனைப் போட்டு, கன்ட்ரோலரில் மோனோ அமுக்குங்கள். இரண்டும் ஒன்றையொன்று விழுங்கும். ஒரு நாப்பை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, மிகக் குறைவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஃபேஸ் பட்டனை எடுக்க மறக்க வேண்டாம்.

24 டிராக் டேப் ஓடிய நாளில் காலையில் வந்ததும் டோன் போட்டு ஊசி பார்ப்பதுதான் உதவியாளனின் முதல் வேலை. காபி அதற்குப் பிறகுதான்.

கோவைக்குரல் | வெள்ளி காலை 11.45

மானிட்டர் சத்தத்தையும் அளந்து வைங்க. அந்த நாப்பில் ஒரு நிரந்தரக் குறி இருக்கணும். 11 x 10 x 9.5ன்னா 1,045 கன அடி. அமெரிக்க ஒளிபரப்புத் துறையின் ஏ/85 வழிகாட்டியில் 1,500 கன அடிக்குக் கீழே இருக்கிற ரூமுக்கு 76 டெசிபல்னு போட்டிருக்கு. -20 டிபிஎஃப்எஸ் பிங்க் நாய்ஸ் (எல்லா சுருதியும் கலந்த இரைச்சல்), ஒரு நேரத்தில் ஒரு ஸ்பீக்கர், மீட்டர் சி வெயிட்டிங், ஸ்லோ. சினிமா மிக்ஸிங் தியேட்டரில் 85ன்னு யாராவது சொல்வாங்க. அது தியேட்டருங்க. நம்ம ரூமில் 85 வைச்சா ரெண்டு மணி நேரத்தில் காது சோர்ந்துடும்.

போன் ஆப்பில் அளந்தா துல்லியம் இருக்காது. ஆனா தினமும் ஒரே குறியில் நாப் நிக்கும், அதுவே பாதி லாபம்.

பெட்டிக்குள்ளே | வெள்ளி மாலை 7.30

எல்லாம் சரியா மாட்டியாச்சு. இப்போ என் கேள்விக்கு வாங்க. நல்லா இருக்கா?

மொட்டைமாடி | ஞாயிறு இரவு 9.15

நேர்மையா சொல்றேன்.

மீட்டரில் 0.78 வோல்ட் வந்துச்சு, எட்டும் ஒரே எண். பிரியாம்ப் மேட்ச் பண்ணினேன். ரூட்டிங் மாத்தினேன், நாய்கள் நிம்மதி.

சனிக்கிழமை ஒரு பாட்டை உள்ளேயும், பாக்ஸ் வழியாவும் எடுத்தேன். பாக்ஸ் வழியா வந்தது அகலமா, கெட்டியா இருந்துச்சு. துள்ளிக் குதிச்சேன். அப்புறம் பார்த்தா அது 1.2 டிபி சத்தம் கூட. சரிசமமா இறக்கி, பேரை மறைச்சு, தங்கச்சியை விட்டு மாத்தி மாத்திப் போடச் சொன்னேன். பத்துக்கு ஆறு சரியா சொன்னேன். காசு சுண்டினாலே அஞ்சு வரும்.

அப்புறம் பிரியாம்பை இன்னும் 8 டிபி ஏத்தி, அடுத்த கட்டத்தில் அவ்வளவும் இறக்கி எடுத்தேன். அதில் பத்துக்கு ஒன்பது. ஸ்நேரின் நுனி மழுங்கி, வாய்ஸ் கொஞ்சம் முன்னாடி வந்து உட்காருது. எனக்குப் பிடிச்சிருக்கு. அது பாக்ஸ் இல்லை, பிரியாம்ப் திணறுறதுன்னு தெரியும். தெரிஞ்சும் பிடிச்சிருக்கு.

பெட்டிக்குள்ளே | ஞாயிறு இரவு 9.40

காது மறைச்சு டெஸ்ட் எடுத்ததுக்கு ஒரு சல்யூட். இந்த மன்றத்தில் பத்து வருஷமா கேக்கிறேன், செஞ்ச முதல் ஆள் நீங்க. அந்த மழுங்கலுக்கு ஒரு பிளக்இன் போதும்னு மட்டும் சொல்லிட்டுப் போறேன்.

மேசைக்காரர் | ஞாயிறு இரவு 10.05

போதும்தான். ஆனால் எட்டு அவுட்டுக்குள் அடக்க வேண்டும் என்றதும் தம்பி டிரம்ஸை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்து, கீபோர்டை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்து அனுப்பியிருப்பார். 140 டிராக்கைத் திறந்து வைத்துக்கொண்டு இரவு மூன்று மணிக்குத் தம்பூராவை அரை டிபி குறைக்கும் வியாதிக்கு எந்த பிளக்இன்னும் இல்லை.

மொட்டைமாடி | ஞாயிறு இரவு 10.20

ஐயா, அந்த வியாதி எனக்கு இருக்குன்னு எப்படித் தெரியும்?

கடைசியா ஒண்ணு. பாக்ஸில் 9 முதல் 16 வரை சும்மா கிடக்கு. இன்டர்ஃபேஸ் பின்னாடி ஆப்டிகல் அவுட் இருக்கு. எட்டு சேனல் அடாட் (ஆப்டிகல் கேபிளில் பல சேனல் அனுப்புற முறை) கன்வெர்ட்டர் ஒண்ணு பழசா வருது. போடலாமா?

சால்டர்புகை | ஞாயிறு இரவு 10.45

போடலாம். சாம்பிள் ரேட் 44.1, 48 கிலோஹெர்ட்ஸில் எட்டும் வரும், 96இல் ஒரு ஆப்டிகலுக்கு நாலுதான். கிளாக்கில் புது பெட்டியை ஆப்டிகலைப் பார்த்து ஓடச் சொல்லுங்க. ரெண்டும் தன் இஷ்டத்துக்கு ஓடினா அங்கங்கே "டிக் டிக்"னு கேக்கும்.

கேபிள் கட்டக் கடைக்குப் போகும்போது என்ன சொல்வீங்க?

மொட்டைமாடி | ஞாயிறு இரவு 10.47

டாஸ்காம். முதல் ஜாக் நுனி, 24ஆம் பின். கடை வாசலிலேயே மீட்டர் வைச்சுப் பார்த்துட்டுத்தான் காசு கொடுப்பேன் அண்ணே.